சௌரிராஜன் சார் வீட்டு ரூட்டரின் கோத்திரம்

இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வி-சிக்ஸ் என்னும் புதுவகை இணைய முகவரி பற்றி ஒரு பயிற்சி வகுப்பு நடந்ததாகவும், அதில் பாதிப் பேர் தூங்கிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். தூங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, இத்தனை பிட் அத்தனை பிட் என்று ஒருவர் பேசினால் யாருக்குத்தான் கண் சொக்காது? என் காலத்து வகுப்பில் குறட்டை விட்டவர்கள்கூட உண்டு. எனக்கு அது உருப்படியாகப் புரிந்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பூஜை அறை வாசலில், உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் நின்ற ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அதைத்தான் சொல்லப்போகிறேன். ரூட்டரில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் இதில் வராது. அதற்கு உங்கள் கையில் போன் இருக்கிறது, என்னைவிட நன்றாகவே சொல்லும்.

நான் பாலக்கரைக்காரன். வீட்டு இணைய இணைப்புகளைப் பராமரிக்கும் வேலையில் கடைசிச் சில வருடங்கள் எனக்கு ஸ்ரீரங்கம் பகுதியைக் கொடுத்திருந்தார்கள். பெற்றவர்கள் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் என் பெயர் பாய்தான். "பாய் வந்துட்டார், மோடத்தைக் காட்டு" என்பார்கள். அந்த மரியாதைக்கும் அந்த ஊர்க் காபிக்கும் ஆசைப்பட்டே நான் வேறு பகுதி கேட்டு எழுதவில்லை.

ஒரு வருடம் தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சௌரிராஜன் சாரிடமிருந்து புகார் வந்தது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்திர வீதிக்குப் பின்னால், முன்வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லைப்புறத்தில் கேட்காத நீள வீடு. அவர் புகார் சொல்லும் விதமே தனி. எல்லாம் வேலை செய்கிறது என்றுதான் ஆரம்பிப்பார். அன்றும் அப்படித்தான். உபன்யாசம் வருகிறது, செய்தி வருகிறது, வங்கிக் கணக்கு திறக்கிறது. ஒன்றே ஒன்றுதான் திறக்கவில்லை. வரன் பார்க்கும் இணையதளம்.

அவருடைய ஒரே மகள் வைஷ்ணவி அயர்லாந்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாக வரன் தேடுகிறார்கள். நட்சத்திரம் பொருந்தினால் உயரம் பொருந்தாது, உயரம் பொருந்தினால் பையன் வடகலை, இவர்களோ தென்கலை, எல்லாமே பொருந்தினால் பையனுக்குக் கல்யாணத்திலேயே விருப்பமில்லை. கடைசியில் ஒரு லண்டன் பையனுக்கு எல்லாம் அமைந்து, சென்னையில் இருக்கும் அவன் பெற்றோர் தரப்பிலிருந்தே அந்தத் தளத்தில் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். இவர் 'சம்மதம்' என்ற பட்டனை அழுத்தினால்தான் அவர்களுடைய தொலைபேசி எண் தெரியும். வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்குள் அழுத்தாவிட்டால் அந்த விருப்பம் தானாகவே காலாவதியாகிவிடும். திங்கட்கிழமை காலை குளித்து, பெருமாளைச் சேவித்து, டேப்லெட்டை எடுத்து உட்கார்ந்தால், 'உங்கள் முகவரியிலிருந்து அளவுக்கு மீறிய கோரிக்கைகள் வந்துள்ளன, நீங்கள் மனிதர்தானா என்பது சந்தேகமாக இருக்கிறது' என்று அந்தத் தளம் கதவைச் சாத்திவிட்டது.

"நான் மனுஷன்தானான்னு கேக்கறது, பாய். என் பொண்ணுக்கு ஒரு வரன் பார்க்க நான் இதுக்கெல்லாம் பதில் சொல்லணுமா?" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். தளம் சொகுசாகத் திறந்தது. இதோ திறக்கிறதே, அழுத்துங்கள் என்றேன். அவர் டேப்லெட்டைத் திருப்பி வைத்துவிட்டார். ஒரு காரியத்துக்கு ஒரு தரம் தடங்கல் வந்துவிட்டால் அன்றைக்கு மறுபடி அதைத் தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம். செவ்வாய்க்கிழமை சுபகாரியம் கிடையாது. வியாழன் கரிநாள். ஆக, மிச்சம் புதனும் வெள்ளியும்தான்.

அவர் மனைவி, அதாவது மாமியின் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று அழுத்திவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த வீட்டுச் சுவர்களைத் தாண்டி செல்போன் சிக்னல் உள்ளே வராது. தெருவுக்குப் போனால் வரும். ஆனால் பெண்ணுக்கு முதன்முதலாகச் சம்மதம் சொல்வதைப் பெருமாள் உள்ளில், அதாவது அவர்கள் வீட்டுப் பூஜை அறையில், கிழக்குப் பார்த்து உட்கார்ந்து சொல்ல வேண்டுமே தவிர, பால்காரனுக்கும் பசுமாட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு சொல்ல முடியாது என்று அவர் தீர்மானமாக இருந்தார். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

அந்த வாரம் முழுவதும் நான் செய்த வைத்தியங்களைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வயரை மாற்றினேன். புதன்கிழமை காலை மின்சார அடாப்டரை மாற்றினேன். அவர் புதன் மதியம் ஒன்றரைக்கு மேல் நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தார். மறுபடியும் மனிதரா என்ற கேள்வி. உடனே எனக்கு அணில்மேல் சந்தேகம் வந்தது. ஸ்ரீரங்கத்துத் தென்னை மரங்களில் ஓடும் அணில்கள் கேபிளைக் கொறிப்பது எங்கள் தொழிலில் ஒரு நிரந்தர வியாதி. அதைச் சொன்னதும் சௌரிராஜன் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. ராமர் முதுகில் தடவிக் கொடுத்த ஜீவன்மேல் பழி போடாதீங்கோ என்றார். அணில் கடித்தால் எல்லாமே போகும், ஒரு தளம் மட்டும் எப்படிப் போகும் என்று அவரே திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் தெரியாதபோது அணில் மிகவும் வசதியான பிராணி.

இத்தனைக்கும் நடுவில் அந்த வீட்டில் பதறாமல் இருந்தவர் மாமி ஒருவர்தான். புதன்கிழமை சாயங்காலம் நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, "நடக்கறது நடக்கும் பாய், காபி ஆறிடும், குடிங்கோ" என்றார். பெண்ணின் கல்யாண விஷயத்தில் ஒரு தாய் இவ்வளவு நிதானமாக இருப்பாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரிய பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை எங்கள் சென்னை அலுவலகத்து மேடத்துக்குப் போன் செய்தேன். அவரை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். ஊர் ஊராக எந்தத் தெருவில் எவ்வளவு இணையம் ஓடுகிறது என்பதெல்லாம் அவர் கணினியில் தெரியும். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அணிலைப் பிடித்துவிட்டீர்களா என்பது. என் புகழ் அங்கே வரை போயிருந்தது.

பிறகு ஒன்று சொன்னார். "பாய், நீங்க வயரையே பாக்குறீங்க. வயர்ல போறது மனுஷங்க. அவங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க." சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கம் பகுதியின் அந்த வார வரைபடத்தை என் போனுக்கு அனுப்பினார்.

என்னுடைய முப்பது வருட அனுபவத்தில் எனக்குக் கிடைத்த நல்ல புத்திமதி அது ஒன்றுதான். அவர் அதற்கு ஒரு கும்பிடுகூட எதிர்பார்க்காமல் போனை வைத்துவிட்டார்.

வரைபடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் ஒரு பள்ளம். அது முடிந்ததும் செங்குத்தாக ஒரு மேடு. திங்கட்கிழமை பள்ளம் காலையில், செவ்வாய்க்கிழமை பிற்பகலில், புதன்கிழமை நடுப்பகலில். ஒரு நாள் போல இன்னொரு நாள் இல்லை. இயந்திரக் கோளாறு என்றால் இப்படி இடம் மாறி இடம் மாறி உட்காராது. நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அப்போது ஞாபகம் வந்தது. எங்கள் பாலக்கரைத் தெருவுக்கும் இப்படி ஒரு வரைபடம் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் தெருவே பள்ளிவாசலுக்குப் போய்விடும், கோடு தரையைத் தொடும். தொழுகை முடிந்து பத்து நிமிடத்தில் எல்லாரும் வீட்டுக்கு வந்து பிரியாணிக்கு முன்னால் போனைத் திறப்பார்கள், கோடு வானத்துக்குப் போகும்.

ஆக, ஸ்ரீரங்கத்திலும் எல்லாரும் சேர்ந்து எதையோ நிறுத்துகிறார்கள், சேர்ந்தே தொடங்குகிறார்கள். டீக்கடைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அதன் மூலையில் ராகுகாலம் அச்சிட்டிருந்தது. கடைக்காரரிடம் மற்ற நாட்களுக்கும் கேட்டேன். அவர் டீ ஆற்றிக்கொண்டே மனப்பாடமாக ஒப்பித்தார். பள்ளங்கள் அத்தனையும் அப்படியே பொருந்தின.

இப்போது புரிந்திருக்கும். தை மாதம், கல்யாணக் காலம். பெண்ணையோ பையனையோ வைத்திருக்கிற வீடு ஒவ்வொன்றிலும் ராகுகாலம் முடியும்வரை காத்திருந்து, முடிந்த அந்த நிமிடமே ஒருவர் வரன் தளத்தைத் திறக்கிறார். அதனால் என்ன என்றால், அங்கேதான் முகவரி விஷயம் வருகிறது. பழைய வகை இணைய முகவரிகள் உலகத்தில் என்றைக்கோ தீர்ந்துபோய்விட்டன. அதனால் எங்கள் நிறுவனம் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுத்திருந்தது. கல்யாண மண்டபத்தில் எத்தனை பேர் தங்கியிருந்தாலும் வெளியே கதவு எண் ஒன்றுதானே, அந்த மாதிரி. ஆக, அந்த வரன் தளத்தின் கண்ணுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அந்த ஆள் ஒன்றரை மணி நேரம் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே நொடியில் நூறு பெண்களுக்கும் நூறு பையன்களுக்கும் வரன் பார்க்கிறார். அவர் மனிதரா என்று தளம் சந்தேகப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் பறந்தேன். சௌரிராஜன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் நான் ஒரு யோசனையும் சொன்னேன். ராகுகாலத்தில் தெருவே காலியாக இருக்கிறது, அப்போது அழுத்தினால் தளம் வழுக்கிக்கொண்டு திறக்கும் என்று. தொழில்நுட்பப்படி அது நூற்றுக்கு நூறு சரியான தீர்வு. செலவும் கிடையாது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எனக்குக் காபி வரவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, இதை மனதில் வையுங்கள். சரியான தீர்வு என்பது வேறு, அந்த வீட்டில் சொல்லக்கூடிய தீர்வு என்பது வேறு. இரண்டாவது தெரியாதவன் முதலாவதைத் தெரிந்துகொண்டு பிரயோஜனமில்லை.

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் அவரைக் கூப்பிட்டேன். இன்னொரு வழி இருக்கிறது சார் என்றேன். தனியாக ஒரு பழைய முகவரி கேட்டு விண்ணப்பித்தால் கிடைக்க ஒரு வாரம் ஆகும். ஆனால் புதுவகை முகவரி, அதுதான் வி-சிக்ஸ், அலுவலகத்தில் தயாராகவே இருக்கிறது. அந்த வரன் தளமும் அதை ஏற்றுக்கொள்ளும். உங்கள் ரூட்டர் பழசு, அதற்கு அது தெரியாது. ரூட்டரை மாற்றினால் உங்கள் வீட்டுக்கென்று தனி முகவரி வந்துவிடும். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் ஒன்பதரைக்கு, அப்போது ஸ்ரீரங்கமே வரன் தளத்தில் விழுந்தாலும் உங்களை யாரும் தடுக்க முடியாது.

அதற்குச் சரி என்றார். சாயங்காலமே புது ரூட்டரோடு வந்து நின்றேன். கரிநாளில் புதுப் பொருள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். அந்த ரூட்டர் என்னோடு பாலக்கரைக்குத் திரும்பி வந்து, எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி விருந்தாளியாக இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடியும் பாலத்தைத் தாண்டியது.

மாமி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். காற்று போகும் ஓட்டையில் மட்டும் வேண்டாம் மாமி என்று கெஞ்சி, முதுகில் வைக்கச் செய்தேன். ரூட்டர் உயிர் பெற்றுக்கொண்டிருந்தபோது சௌரிராஜன் சார் பெருமாள் உள்ளில் மணைமேல் கிழக்குப் பார்த்து டேப்லெட்டோடு உட்கார்ந்தார். நான் வாசற்படிக்கு வெளியே. உள்ளே என்னைக் கூப்பிட மாட்டார்கள், நானும் போக மாட்டேன். ஆகவே அன்று நடந்த அத்தனையும் எட்டி நின்று வாயால் செய்த வேலை.

புது முகவரி எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். டேப்லெட்டில் எங்கே பார்ப்பது என்று சொன்னேன். எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, டூ, ஃபோர், என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாக வாசித்தார். இவ்வளவு நீளம் எதற்கு என்றார். இந்த வீட்டில் இருக்கும் டேப்லெட், டிவி, மாமியின் போன், வாசல் கேமரா, ஒவ்வொன்றுக்கும் இனிமேல் தனித்தனி முகவரி என்றேன். முன்பாதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அது இந்த வீட்டுக்கு உரியது. பின்பாதி அந்தந்தப் பொருளுக்கு உரியது.

அவர் திரையில் முகவரியின் நடுவில் விரலை வைத்தார்.

"அப்போ முன்பாதி கோத்திரம். பின்பாதி நாமதேயம். அப்படித்தானே?"

நான் அசந்துபோனேன். எங்கள் வகுப்பில் கட்டம் கட்டமாகச் சொல்லியும் ஏறாதது இரண்டு வார்த்தையில் ஏறிவிட்டது. அப்படியேதான் சார் என்றேன். அடுத்தாத்துக்கு என்ன கோத்திரம் என்றார். அவங்களுக்கு இதைப் போட்டால் வேறு கோத்திரம் வரும், ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு என்றேன். அப்படியானால் நேற்றுவரை என்றார். நேற்றுவரை தெருவுக்கே ஒன்றுதான் என்றேன். அவர் மாமியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா? இத்தனை நாளும் தெரு முழுக்க சகோத்திரமா இருந்திருக்கோம். ஒரே கோத்திரத்துல எங்கேர்ந்து கல்யாணம் அமையும்?"

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதருக்குச் சந்தேகங்கள் எல்லாம் அச்சு அசலாகச் சரியான இடத்தில் வந்தன. பின்பாதியைச் சில கருவிகள் தினமும் மாற்றிக்கொள்ளும், வெளியாட்கள் பின்தொடராமல் இருப்பதற்காக என்று சொன்னேன். தினம் பெயர் மாற்றிக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை. கோத்திரம் மாறாதே என்று உறுதி கேட்டுக்கொண்டார். சாதாரணமாக மாறாது, நிறுவனம் எப்போதாவது மாற்றினால் உண்டு என்றேன். ஒவ்வொன்றுக்கும் நேர் முகவரி இருந்தால் கண்டவர்களும் உள்ளே வந்துவிடுவார்களா என்று அடுத்த கேள்வி. முகவரி தெரிந்தால் வாசல்வரை வரலாம், ரூட்டரில் ஒரு காவல் இருக்கிறது, நாம் கூப்பிட்டால்தான் உள்ளே விடும் என்றேன். அவர் என்னையும் நான் நின்ற வாசற்படியையும் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

ஒன்பதரை ஆனது. தளம் திறந்தது. மனிதரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் டேப்லெட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டு அந்தப் பையனின் பக்கத்துக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். பச்சைப் பட்டனைக் காணோம். அந்த இடத்தில், 'சம்மதம் ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டது, புதன், பிற்பகல் 12.40' என்று இருந்தது.

"புதன்கிழமை பன்னெண்டு நாப்பது. உச்சி ராகுகாலம்," என்றார். அதன் கீழே எந்த முகவரியிலிருந்து அழுத்தப்பட்டது என்றும் போட்டிருந்தது. அரை மணிக்கு முன்னால் முகவரி படிக்கக் கற்றுக்கொண்டவர் அல்லவா, அதையும் படித்தார். "டூ, ஏ. பாய், இது நம்ம கோத்திரம் இல்லை. யாரோ அன்னியன் உள்ளே புகுந்திருக்கான். என் பொண்ணு விஷயத்தில, ராகுகாலத்தில."

பக்கத்தில் சிவப்பாக 'திரும்பப் பெறு' என்று ஒரு பட்டன் இருந்தது. அவர் விரல் அதை நோக்கிப் போனது. நான் எட்டித் தடுக்கவும் முடியாது, உள்ளே பாயவும் முடியாது. அதை அழுத்திவிட்டால் இரண்டு வருடத் தேடல் அதோடு போய்விடும். பத்தரைக்கு ராகுகாலம் வேறு ஆரம்பம். அவர் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் புதன் மதியம் இந்தத் தெருவே ஓய்வெடுத்த நேரத்தில் ஒரு திருடன் வந்து சம்மதம் மட்டும் சொல்லிவிட்டுப் போவானா என்று தோன்றியது. திருடனுக்கு வைஷ்ணவி கல்யாணத்தில் என்ன அக்கறை?

"சார், விரலை எடுத்துடுங்க. அழுத்துறதுக்கு முன்னாடி யாரு வந்தாங்கன்னு பாத்துடுவோம். அஞ்சு நிமிஷம் குடுங்க. முன்பாதியை மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் வாசற்படியில் நின்று என் போனில் தட்டினேன். எந்த முன்பாதி எந்த நாட்டுக்குக் கொடுக்கப்பட்டது என்பதைத் தேடினால் கிடைக்கும், உங்களுக்குத் தெரியும். பதில் வந்தது. அயர்லாந்து.

நான் தலை நிமிர்ந்தேன். மாமி டவராவில் இருந்த காபியை, நுரை போன பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"மாமி, வைஷ்ணவியா?" என்றேன்.

அவர் காபியைக் கீழே வைத்தார். திங்கட்கிழமை தடங்கலானதும் அம்மாவும் பெண்ணும் பேசியிருக்கிறார்கள். பையனின் விவரங்களைப் பார்த்து அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிருக்கிறது. அப்பா நேரம் பார்த்து முடிப்பதற்குள் காலாவதியாகிவிடுமோ என்று பயந்து, புதன்கிழமை வேலைக்குக் கிளம்புமுன் அவளே அழுத்திவிட்டாள். அப்பாவும் தன் கையால் ஒரு தரம் அழுத்திவிட்டுத் திருப்தியாக இருக்கட்டும் என்று மாமி வாய் திறக்கவில்லை. பட்டனே மறைந்துவிடும் என்பது மாமிக்குத் தெரியாது.

சௌரிராஜன் சாரின் முகம் வாடிவிட்டது. பெண் தன்னிடம் கேட்காததில் ஒரு வருத்தம், கேட்காமல் செய்ததை ராகுகாலத்தில் செய்ததில் அதைவிடப் பெரிய வருத்தம். எனக்கே பாவமாக இருந்தது. சார், அங்கே அப்போ மணி என்ன என்று கேட்டேன். அவர் மனக்கணக்கில் ஏழு பத்து என்றார், விடிகாலை. நான் போனில் அந்த ஊருக்குச் சூரிய உதயம் தேடினேன். தை மாதக் குளிர் ஊர் அது, எட்டு மணிக்கு மேல்தான் சூரியனே வருகிறது. அதைச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். ராகுகாலம் என்பது அந்தந்த ஊர் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது.

"பொழுதே விடியலையே," என்றார். "விடியாம ராகுகாலம் ஏது? கணக்குப்படி அது பிரம்ம முகூர்த்தமாக்கும்."

"நான் பார்த்திருந்தாகூட இப்படி ஒரு வேளை அமைஞ்சிருக்காது," என்று அவரே சொல்லிக்கொண்டார். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் காபி வந்தது. நேற்றைய பாக்கிக்கும் சேர்த்துப் பெரிய டம்ளரில் வந்தது.

பையன் வீட்டுத் தொலைபேசி எண் திரையில் தெரிந்தது. பத்தரைக்குள் பேசிவிடுங்கள் என்றேன். அவர் உடனே பேசவில்லை. அந்த முகவரியையே பார்த்துக்கொண்டிருந்தார். டூ, ஏ, என்று மெதுவாக ஒரு தரம் படித்தார்.

"கல்யாணம் ஆனா பொண்ணுக்குக் கோத்திரம் மாறும்னு தெரியும், பாய். இவளுக்கு இப்பவே மாறியிருக்கு. நான்தான் கவனிக்கலை."

நான் காபியைக் குடித்தேன்.

அவர் கேட்டார்: "அவ லீவுல இங்க வந்து, இந்தாத்து வைஃபைல சேர்ந்தா, அப்போ அவ போன்ல எந்தக் கோத்திரம் காட்டும்?"

"இந்த வீட்டோடதுதான் சார். எந்த வீட்டுக்குள்ள வருதோ அந்த வீட்டு முன்பாதியைத்தான் எடுத்துக்கும். வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள மாறிடும்."

"அவ எதுவும் தட்டி எழுதவேண்டாமா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புது ரூட்டருக்கு நான் புதுப் பெயரும் புதுப் பாஸ்வேர்டும் வைத்திருந்தேன். அவள் போனுக்கு இந்த வீடு அடையாளம் தெரியாது, கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நான் காபியை வைத்துவிட்டு, அவர் கூடத்து லேண்ட்லைனில் பையன் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே திருப்பிப் போட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவளே வைத்த பாஸ்வேர்டாம் அது, அவள் பெயரும் பிறந்த நட்சத்திரமும். பாதுகாப்பு வகுப்பில் இதைச் சொன்னால் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தெரு முழுவதும் பிறகு வி-சிக்ஸுக்கு மாறியது. வீட்டுக்கு வீடு கோத்திரக் கதையைச் சௌரிராஜன் சாரே சொல்லிக்கொடுத்துவிட்டதால் எனக்கு வேலை மிச்சம். இனி நீங்கள் போகப்போகிற வீடுகளில் பழைய ரூட்டரைக் கழற்றுவீர்கள், புதியதை மாட்டுவீர்கள், வலுவான பாஸ்வேர்டு வையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தாராளமாக வையுங்கள். அதற்கு முன்னால், இந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது வெளியூரில் இருக்கிறார்களா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.